கரூரில் ஒரு பேக்கப் ஃபோல்டர்

கரூரில் பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறைகளைத் தமிழ்நாடே அறியும். வெறும் சேசிஸாக வந்து சேரும் வண்டி, சீட்டும் கண்ணாடியும் பெயின்டுமாக முழு பஸ்ஸாகக் கிளம்பும். நான் பார்க்கப் போனது அதே ஊரில், ஒரு மாடியறையில், கம்ப்யூட்டரில் பஸ் கட்டும் மூன்று இளைஞர்களை. செக் நாட்டின் பிராக் நகரிலுள்ள எஸ்.சி.எஸ். சாஃப்ட்வேர் 2012இல் வெளியிட்ட ‘யூரோ டிரக் சிமுலேட்டர் 2’ விளையாட்டில், லாரிக்குப் பதிலாக நம்மூர் அரசு பஸ்ஸை ஓட வைப்பது இவர்கள் வேலை. இப்படி விளையாட்டுக்குள் புதிதாகச் சேர்ப்பதை மோட் என்கிறார்கள். இதில் வருமானம் கிடையாது. மூவருக்கும் பகலில் வேறு வேலை. மூத்தவர் ஒரு பாடி பட்டறையில் ஃபிட்டர்; அவர் வரைந்த பஸ்ஸில் படிக்கட்டுக் கைப்பிடியின் வளைவுகூட அச்சு அசலாக இருக்கிறது.

பஸ் எப்படி உருவாகிறது என்று கேட்கத்தான் போனேன். பேச்சோ பெரும்பாலும் பழைய கோப்புகளைச் சுற்றியே போனது. இந்த வேலையில் பாதி உழைப்பு அங்கேதான் இருக்கிறது என்பது அவர்களோடு உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது.

பஸ்ஸின் உருவத்தை பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் வரைகிறார்கள். அதில் சேமித்ததும் முந்தைய கோப்பு அழிவதில்லை. பெயரின் கடைசியில் 1 என்ற எண் ஒட்டிக்கொண்டு பக்கத்திலேயே இருக்கும். “இதை நம்பித்தாங்கண்ணா நெறையப் பேரு கெட்டுப்போறாங்க” என்ற மூத்தவர், எனக்காகச் செய்தே காட்டினார். டிரைவர் முன்னாலிருந்த டேஷ்போர்டை நீக்கினார், சேமித்தார். ஒன்று போட்ட கோப்பைத் திறந்தால் டேஷ்போர்டு பத்திரமாக இருந்தது. அதை மூடிவிட்டு, பஸ் கோப்பை இன்னொரு முறை சேமித்தார். மறுபடி ஒன்று போட்ட கோப்பைத் திறந்தார். டேஷ்போர்டு இல்லை. மென்பொருள் தானாக வைத்திருப்பது ஒரே ஒரு முந்தைய நிலையை மட்டும்; இரண்டாவது தடவை சேமித்ததும் அந்த இடத்தில் சிதைந்த கோப்பே வந்து உட்கார்ந்துவிட்டது. வேலை செய்கிறவர்கள் கை, யோசிக்காமல் இரண்டு மூன்று தடவை சேமிக்கப் பழகிய கை. தப்பு நடந்தது கண்ணில் படுவதற்குள் பேக்கப் போய்விடும்.

அமைப்பில் இந்த எண்ணிக்கையை 32 வரை கூட்டிக்கொள்ளலாம். அவர் 5 வைத்திருக்கிறார். ஆனால் அவருடைய உண்மையான நம்பிக்கை வேறொன்றில். ஒரு பகுதி முடிந்ததும், சேமிக்கும் பெட்டியிலுள்ள கூட்டல் குறியை அழுத்திப் பெயரின் எண்ணை ஏற்றி, தனிக் கோப்பாக வைத்துவிடுகிறார். கூடவே ஒரு நோட்பேட் கோப்பு. அதைப் படித்துப் பார்த்தேன். “14 - டிப்போ போர்டு சரி. பின் கண்ணாடி பாக்கல.” “15 - டயர் ரோட்டுல புதையுது. 14க்குத் திரும்பு.” அந்த வரிகள் இல்லாவிட்டால் வரிசையாக நிற்கும் இருபது சொச்சம் கோப்புகளில் எதைத் திறப்பது என்று அவருக்கே தெரியாது. எதற்காக வைத்தோம் என்று எழுதாத பேக்கப்பும் குப்பையும் ஒன்றுதான் என்பது என் அபிப்பிராயம், மூவரும் தலையாட்டினார்கள்.

இன்னொரு காப்பு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மென்பொருள் தானே சேமித்துக்கொள்வது. அது விண்டோஸின் தற்காலிக ஃபோல்டருக்குள் போகிறது. இடம் போதவில்லை என்று யாராவது டிஸ்க்கைச் சுத்தம் செய்தால் அதுவும் சேர்ந்து போகும்.

இரண்டாமவர் பெயின்ட்காரர். பஸ்ஸின் நிறம், பக்கவாட்டு எழுத்து, ஊர்ப்பலகை எல்லாவற்றையும் அடுக்கடுக்காக ஒரு படக்கோப்பில் வைத்திருக்கிறார். விளையாட்டுக்குள் போகும்போது அடுக்குகள் ஒன்றாகி, டிடிஎஸ் என்ற சுருக்கிய படமாகிவிடும். உருவமும் அப்படியே: பிளெண்டரிலிருந்து இடைநிலைக் கோப்புகளாக வெளியே வந்து, எஸ்.சி.எஸ். தரும் மாற்றும் கருவி வழியாகக் கடைசி வடிவத்துக்குப் போகிறது. இடத்தை அடைப்பவை இந்த மாற்றிய கோப்புகள்தான். மூலம் கையில் இருந்தால் அவற்றை எப்போது வேண்டுமானாலும் மறுபடி உண்டாக்கிக்கொள்ளலாம். அதனால் தயங்காமல் அழிக்கிறார்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், விளையாட்டில் ஓடுகிற கோப்பைப் பத்திரப்படுத்திவிட்டு மூலத்தைத் தொலைக்கிறார்கள். மோட் செய்வதை விட்டுப்போன ஒரு நண்பர் தந்த பஸ் அப்படித்தான் வந்திருந்தது. அதில் ஊர்ப்பலகையை மாற்றப் போய், பக்கத்து நிறமெல்லாம் கறைபட்டதைப் பெயின்ட்காரர் காட்டினார்.

விளையாட்டும் ஓரிடத்தில் நிற்பதில்லை. வருடத்தில் சில முறை புதிய பதிப்பு வரும். நேற்று வரை ஓடிய பஸ் இன்று கண்ணாடி இல்லாமல் நிற்கும், அல்லது விளையாட்டே திறக்காது. விளையாட்டை விற்கும் ஸ்டீம் தளத்தில் பழைய பதிப்புகளைத் தேர்ந்தெடுக்க வழி இருப்பதால், பழையதிலேயே தங்கிவிடும் ஆட்டக்காரர்களும் உண்டு. அவர்களுக்காக ஒவ்வொரு பதிப்புக்கும் தனி ஃபோல்டர் வைக்க வேண்டியிருக்கிறது. பதிப்பு மாறும்போது விளையாட்டும் தன் பங்குக்கு ஆட்டக்காரரின் கணக்கை நகலெடுத்து, பதிப்பு எண்ணோடு டாக்குமென்ட்ஸில் ஒதுக்கி வைக்கும். அவற்றைப் பார்த்துக் கழிப்பது கடைக்குட்டியின் பொறுப்பு. சோதனைக்கென்று தனிக் கணக்கு வைத்து, சொந்தக் கணக்கைத் தொடாமல் பார்த்துக்கொள்வதும் அவர்தான்.

கடைசியாகக் கட்டும் மோட், ஜிப் போல ஒரே பொட்டலம். ஃபோல்டரை அப்படியே அள்ளிக் கட்டினால் ஒன்று போட்ட கோப்புகளும் உள்ளே போய்விடும். “மொபைல் டேட்டாவுல டவுன்லோடு பண்றவங்க நெறையங்கண்ணா. அவங்க காசுல நம்ம குப்பைய அனுப்பறதுங்களா?” என்று கேட்டார் கடைக்குட்டி. கட்டி முடித்த பொட்டலத்தை ஒருமுறை திறந்து, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே வெளியே விடுகிறார்.

இந்த ஃபோல்டர்களில் எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. 2022இல் சென்னையில் மகளிர் இலவசமாகப் போகும் பஸ்களில் சிலவற்றுக்கு முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு அடித்தார்கள். 2023 ஆகஸ்டில் புதுப்பித்த பஸ்கள் மஞ்சளில் வந்தன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆட்டக்காரர்கள் புதுப் பெயின்ட் கேட்பார்கள். பெயின்ட்காரரும் அடுக்குகளை எண் போட்டு வைப்பார். அதனால் பழைய பச்சை மஃப்சல் பஸ், ஜன்னலுக்குக் கீழே ஓடிய கோடு முதல் பின்பக்க எச்சரிக்கை வாசகம் வரை, அளவு பிசகாமல் அங்கே இருக்கிறது. பஸ் ரசிகர்கள் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களை ஒப்பிட்டு உருவான ஆவணம் அது. ஒரே ஹார்ட் டிஸ்க்கில் அது கிடப்பது எனக்குக் கவலையாக இருந்தது, சொன்னேன்.

அவர்களும் அதைப் பேசி வைத்திருந்தார்கள். இரண்டாவது டிஸ்க் வாங்கியாகிவிட்டது. மூல அடுக்குகளைத் திருநெல்வேலியிலும் விழுப்புரத்திலும் மோட் செய்யும் இரண்டு பேருக்குக் கொடுக்கலாமா என்பதில்தான் சிக்கல். கொடுத்தால் யாராவது தங்கள் பெயரில் வெளியிட்டுவிடுவார்கள் என்று பெயின்ட்காரருக்குப் பயம், அப்படி நடந்தும் இருக்கிறது. “பேரு போனாப் போகுது, வண்டி போகக் கூடாதுல்ல” என்றார் மூத்தவர். பச்சை பஸ்ஸை மட்டும் முதலில் கொடுப்பது என்று முடிவானது. நோட்பேட் கோப்பையும் சேர்த்தே அனுப்பச் சொன்னார்.