பையன் கையில் சென்சார், நம் கையில் ஃபோன்

எங்கள் எட்டு வயது பையனுக்கு டைப் 1 சர்க்கரை நோய். மேல்கையில் ஒட்டியிருக்கும் சின்ன சென்சார், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சர்க்கரை அளவை எங்கள் ஃபோனுக்கு அனுப்பும். கோயம்புத்தூரில் இருக்கும் அம்மாவும் அதே எண்ணைப் பார்ப்பார். இங்கே நியூ ஜெர்சியில் நடுராத்திரி என்றால் அங்கே பகல். "டேய், எழுபதுக்கு வந்துடுச்சு, எழுப்பி ஜூஸ் குடு"ன்னு அம்மா ஃபோன் பண்ணிய ராத்திரிகள் உண்டு.

இந்த வசதி பெற்றோரிடமிருந்து வந்தது. ஜான் காஸ்டிக் என்ற எஞ்சினியர், சர்க்கரை நோய் வந்த தன் சின்னப் பையனின் அளவை ஆபீஸிலிருந்தே பார்க்க 2013-ல் தானே கோட் எழுதினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் நைட்ஸ்கவுட். 2015 ஜனவரியில் எஃப்.டி.ஏ. இப்படி அளவைப் பகிரும் முதல் ஆப்புக்கு அனுமதி கொடுத்தது. நோயாளிகளும் பெற்றோரும் எழுதிய கோடிலிருந்து உருவான டைட்பூல் லூப், இன்சுலின் அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆப். அது 2023 ஜனவரியில் அனுமதி பெற்றது.

"அரசாங்கம் ஏன் இவ்வளவு இழுக்கணும்?" என்று என் மனைவி கேட்பாள். என் வேலையில் ஒரு தப்பு வந்தால் மறுநாள் சரிசெய்து அனுப்பிடலாம். உடம்போடு இணைந்த கருவியில் அப்படி முடியாது. 2017-ல், ரேடியோ வழியாக யாராவது உள்ளே நுழையலாம் என்ற பயத்தில், அமெரிக்காவில் சுமார் 4,65,000 பேஸ்மேக்கர்களுக்குப் புது மென்பொருள் தேவைப்பட்டது. அதை ஏற்றிக்கொள்ள நோயாளிகள் கிளினிக்குக்கே போக வேண்டியிருந்தது. 2023 மார்ச் 29 முதல் அமலான சட்டப்படி, இணையத்தோடு இணையக்கூடிய கருவிக்கு அனுமதி கேட்கும் கம்பெனி, உள்ளே என்னென்ன மென்பொருள் இருக்கிறது, ஓட்டை தெரிந்தால் எப்படி அடைப்போம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கணும். இதை நான் வரவேற்கிறேன்.

ஆனால் சென்சாரையும் ஆப்பையும் சோதிக்கும் சட்டம், நம் ஃபோன் செட்டிங்கை வந்து பார்க்காது. 2025 பிப்ரவரியில் எஃப்.டி.ஏ. இதைப் பற்றித்தான் எச்சரித்தது. ஃபோன் அப்டேட் ஆனபின், புளூடூத் ஹெட்ஃபோனோ கார் ஆடியோவோ சேர்த்தபின், சிலருக்கு அலாரம் கேட்காமலே போயிருக்கிறது. தூக்கத்தில் சர்க்கரை இறங்கும் குழந்தைக்கு அந்தச் சத்தம்தான் காவல்.

அதனால் எங்கள் வீட்டில் சில பழக்கங்கள். ஃபோன் தானாக அப்டேட் ஆவதை நிறுத்தி வைத்திருக்கிறோம். அப்டேட் செய்த அன்றும், புதிதாக ஏதாவது இணைத்த அன்றும், மாதம் ஒரு தடவையும் அலாரம் செட்டிங்கைப் பார்ப்போம். ராத்திரியில் சென்சாரோடு வந்த தனி ரிசீவரும் தலைமாட்டில் இருக்கும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு குழந்தை இருந்தால், இன்றைக்குத் தூங்கப் போகும் முன் அந்த செட்டிங்கை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.