கண்ணாடியில் நிற்கும் ஊர்

சிட்னியிலிருந்து மலைகளைத் தாண்டி வடமேற்கே ஏறக்குறைய 280 கிலோமீட்டர் போனால் ஹில் எண்ட் வரும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், வளைந்து வளைந்து ஏறும் சாலையின் முடிவில் இருக்கும் சிற்றூர். இன்று அங்கே குடியிருப்பவர்கள் நூறு பேர் அளவில்தான். கடைத்தெருவாக இருந்த கிளார்க் வீதியில் ஒரு கட்டடம் நிற்கும். அடுத்து நாலைந்து மனைகள் வெறும் புல்லாகக் கிடக்கும். பிறகு இன்னொரு கட்டடம். புல்லில் கங்காருக்கள் மேயும். காலி மனைகளின் முன்னால் பலகைகள் நட்டிருக்கிறார்கள். பலகையில் ஒரு பழைய புகைப்படம்: இதே மனையில் 1872-இல் இருந்த கடை, அதன் வாசலில் கடைக்காரர், அவருடைய பிள்ளைகள், நாய்.

இடிந்த கோட்டையையும் சரிந்த கோபுரத்தையும் நமக்குப் பார்க்கத் தெரியும். விழுந்த கல்லை வைத்து நின்ற கட்டடத்தை மனத்தில் எழுப்பிக்கொள்வோம். ஹில் எண்டின் பெரும்பகுதியில் விழுந்த கல்கூட இல்லை. புல்லும் பலகையும்தான். ஆனாலும் 19-ஆம் நூற்றாண்டின் ஒரு சாதாரண ஊரை, அதன் கசாப்புக் கடையோடும் தையல் கடையோடும், இவ்வளவு நுணுக்கமாக நாம் பார்க்கக்கூடிய இடங்கள் உலகத்தில் மிகச் சிலவே. அது எப்படி வாய்த்தது என்பதுதான் இந்த ஊரின் கதை. அதில் தங்கத்தைவிடக் கண்ணாடிக்குப் பங்கு அதிகம்.

இந்த மண் விராஜுரி மக்களுடையது. 1851 பிப்ரவரியில் எட்வர்ட் ஹார்க்ரேவ்ஸ் ஆஃபிர் பகுதி ஓடையில் தங்கப் பொடி கண்டதும், அக்கம்பக்கத்துப் பள்ளத்தாக்குகளுக்கெல்லாம் கூட்டம் பாய்ந்தது. அதே ஆண்டு ஜூலையில், இதே வட்டாரத்து லூயிசா ஓடையருகே, டாக்டர் கெர் என்பவரின் ஆடுகளை மேய்த்த ஒரு பூர்வகுடி மனிதர் ஒரு வெள்ளைப் பாறையைத் தட்டிப் பார்த்தார். உள்ளே நூறு பவுண்டு எடைக்கு மேல் தங்கம். அந்தக் கண்டுபிடிப்பு இன்றும் முதலாளியின் பெயரில்தான் வழங்குகிறது: ‘கெர்ரின் அந்தர்’ (அந்தர் என்பது பழைய எடை அளவு). கண்டவரின் பெயர் பரவவில்லை. அவருடைய மண்ணிலேயே, அவர் கை தொட்டு எடுத்த பொருள் அது. எத்தனை முறை படித்தாலும் இந்த இடம் என்னை உறுத்துகிறது.

தங்கம் கிடைப்பதில் இரண்டு வகை. ஓடை மணலில் பொடியாகக் கிடப்பது ஒன்று. அதற்கு ஒரு தட்டு, ஒரு மண்வெட்டி, ஒரு கூடாரம் போதும். ஏழை எவனும் இறங்கலாம். ஹில் எண்டுக்குச் சற்று வடக்கே இருந்த தம்பரூரா அப்படி எழுந்த ஊர். சீனாவிலிருந்து வந்தவர்களும் அங்கே திரளாக வேலை செய்தார்கள். அவர்களும் மற்றவர்களும் அகழ்ந்து, பிறகு மழையும் அரித்த ‘கோல்டன் கல்லி’ என்ற ஓடைப்பள்ளம், செம்மண் சுவர்களும் மண் வளைவுமாக இன்றும் கிடக்கிறது. தம்பரூராவில் இப்போது கல்லறைத் தோட்டத்தைத் தவிர சொல்லிக்கொள்ள ஏதும் மிஞ்சவில்லை.

இரண்டாவது வகை, பாறைக்குள் நரம்பாக ஓடும் தங்கம். நம் ஊர்ப் பிள்ளைகள் இருட்டில் ஒன்றோடொன்று தட்டிப் பொறி பறப்பதைப் பார்ப்பார்களே, வெங்கச்சங்கல், அந்த வெள்ளைக்கல் பாறைதான் தங்கத்தின் வீடு. அதைப் பிளக்க வெடி வேண்டும். பிளந்ததைப் பொடியாக்க, நீராவியால் ஏறி இறங்கும் இரும்பு உலக்கை வரிசை வேண்டும். பொடியைப் பாதரசம் பூசிய செப்புத் தகட்டின்மேல் தண்ணீரோடு ஓடவிட்டால் தங்கம் பாதரசத்தில் ஒட்டும். பாதரசத்தைச் சூடாக்கி ஆவியாக்கினால் தங்கம் மிஞ்சும். இதற்கெல்லாம் முதல் வேண்டும், ஆள் வேண்டும், பொறுமை வேண்டும். ஊருக்குச் சற்று வெளியே, 1850-களின் நடுவில் கொலோனியல் கோல்ட் கம்பெனி கட்டிய கல் சூளைகள் இருக்கின்றன. விறகையும் வெள்ளைக்கல்லையும் மாற்றி மாற்றி அடுக்கி எரித்தால் கல் வெடிப்பு விட்டு நொறுங்கும், உலக்கைக்கு வேலை குறையும் என்பது கணக்கு. கணக்குப் பலிக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே கம்பெனி ஓய்ந்தது. ஆனால் நன்றாகக் கட்டியிருக்கிறார்கள். ஹில் எண்டில் கல்லாலான உண்மையான இடிபாடு ஒன்று பார்க்க வேண்டுமென்றால் அந்தச் சூளைகளைத்தான் பார்க்க வேண்டும். ஆசையின் அளவுக்கு எடுத்த சுவர்கள் அவை.

ஊரை ஊராக்கியது ஹாக்கின்ஸ் ஹில். ஊருக்குப் பக்கத்தில் செங்குத்தாக இறங்கும் அந்தக் குன்றில் 1860-களின் தொடக்கத்திலிருந்தே இருவர் தோண்டிக்கொண்டிருந்தார்கள்: ஹாம்பர்க்கிலிருந்து வந்த பெர்ன்ஹார்ட் ஹோல்டர்மன், அவருடைய கூட்டாளி லூயி பேயர்ஸ். பத்தாண்டு வாட்டம். கையில் காசில்லாத காலத்தில் வேறு வேலைகள் செய்து சுரங்கத்தை ஓட்டினார்கள். ஒருமுறை வெடிமருந்து முன்கூட்டியே வெடித்து ஹோல்டர்மன் சாகப் பிழைத்தார். இருவரும் எம்மெட் குடும்பத்து அக்கா தங்கையை மணந்து சகலைகளானார்கள். 1870-களின் தொடக்கத்தில் அந்தக் குன்றின் நரம்புகள் திடீரென்று கொழுத்தன. சிட்னியில் சுரங்கப் பங்குகளுக்கு அடிபிடி. ஊரில் 8,000 பேர், 28 மதுக்கடைகள், ஒரு மைல் நீளத்துக்குக் கடைகள் என்று அந்த நாட்களைச் சொல்வார்கள்.

1872 அக்டோபர் 19 இரவு, அவர்களுடைய ‘ஸ்டார் ஆஃப் ஹோப்’ சுரங்கத்தில் வெடி வைத்தபோது பாறைச் சுவரில் ஒரு பாளம் பளபளத்தது. பெயர்த்து வெளியே கொண்டுவந்தார்கள். ஒரு மனிதனின் தோள் உயரம். 286 கிலோ எடை. வெள்ளைக்கல்லும் தங்கமும் பின்னிக் கிடந்த ஒரே துண்டு. முழுதாக வெளியே வந்த பாறைத் தங்கத்தில் இவ்வளவு பெரிய துண்டு வேறு இல்லை என்பார்கள். அதில் தங்கம் மட்டும் சுமார் 3,000 அவுன்ஸ், அதாவது 90 கிலோவுக்கு மேல், என்று பரவலாகச் சொல்கிறார்கள். மதிப்பு சுமார் 12,000 பவுண்டு.

இந்தப் பவுண்டைத் தமிழர் தம் சொல்லிலேயே அளந்துகொள்ளலாம். பவுன், சவரன் என்று நகைக்கடையில் நாம் சொல்வது பிரிட்டிஷ் சாவரின் காசைத்தான். ஒரு பவுண்டு பணம், ஒரு தங்கக் காசு, ஏறக்குறைய 8 கிராம். 12,000 பவுண்டு என்றால் 12,000 சவரன். லண்டனுக்கு வெளியே இந்தக் காசை அடிக்கத் தொடங்கிய முதல் கிளை 1855-இல் சிட்னியில் திறந்த நாணயச்சாலை. 1864-இல் இந்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது: இங்கிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ அரச நாணயச்சாலை அடித்த சாவரினைக் கருவூலங்களில் 10 ரூபாய்க்கு ஈடாக ஏற்கலாம். ஆஸ்திரேலியச் சுரங்கத்துத் தங்கம் காசாகி நம் பக்கம் வருவதற்குச் சட்டத்தில் இப்படி ஒரு கதவு இருந்தது.

அந்தப் பாறையை உடைக்காமல் வைத்துக்கொள்ள ஹோல்டர்மன் ஆசைப்பட்டார். மதிப்புக்கு மேல் 1,000 பவுண்டு தருகிறேன் என்று சுரங்கக் கம்பெனியிடம் கேட்டார். பங்குதாரர்கள் இணங்கவில்லை. மற்ற எல்லாக் கல்லையும் போல அதுவும் உலக்கைக்கு அடியில் போய்ப் பொடியானது. காணக் கிடைக்காத பொருளை இடித்தார்கள். அதில் கிடைத்தது வேறு எந்தக் கல்லிலும் கிடைக்கும் அதே தங்கம். கம்பெனியின் கணக்கில் அது சரியான முடிவாக இருக்கலாம். எனக்கு மனம் ஆறவில்லை.

பாறையின் படம் தப்பியது. அதற்குக் காரணம், அந்த ஆண்டு ஊரில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு புகைப்பட வண்டி. பியூஃபாய் மெர்லின் என்ற ஆங்கிலேயரும் அவருடைய இளம் உதவியாளர் சார்ல்ஸ் பேலிஸும் ‘அமெரிக்கன் அண்ட் ஆஸ்திரலேஷியன் போட்டோகிராஃபிக் கம்பெனி’ என்ற பெயரில் ஊர் ஊராகப் படம் எடுத்தவர்கள். அது ஈரத் தகட்டுக் காலம். கண்ணாடித் துண்டின்மேல் பசைக் கரைசலை ஊற்றி, வெள்ளி உப்பில் தோய்த்து, ஈரம் காயுமுன் படம் எடுத்து, காயுமுன்னே இருட்டறையில் கழுவிவிட வேண்டும். எல்லாம் சில நிமிடங்களில் முடிய வேண்டும். அதனால் இருட்டறையும் வண்டியிலேயே கூட வரும். ஒரு மண் தெருவில், புழுதியிலும் வெயிலிலும் நின்றுகொண்டு, கடை கடையாக, வீடு வீடாக அவர்கள் இதைச் செய்தார்கள். ஹில் எண்டிலும் கல்காங் என்ற இன்னொரு தங்க ஊரிலும்.

படம் எடுத்ததும் பிழைப்புக்குத்தான். கடைக்காரரும் வீட்டுக்காரரும் தங்கள் வாசலின் படத்தை விலைக்கு வாங்கினார்கள். அதனாலேயே யாரும் விடுபடவில்லை என்று தோன்றுகிறது. மாளிகையை மட்டும் தேடிப் போகும் கலைஞன் தகரக் கூரை போட்ட செருப்புக் கடை முன்னால் நின்றிருக்க மாட்டான். மெர்லின் நின்றார். வரிச்சு கட்டி மண் பூசிய குடிசை, மரப்பட்டை வேய்ந்த கூரை, கல்லை அடுக்கி எழுப்பிய புகைபோக்கி, வாசலில் இடுப்புத்துணியோடு கசாப்புக்காரர், கைக்குழந்தையோடு ஒரு பெண், ஆடிவிட்டதால் புகையாகத் தெரியும் ஒரு பையனின் தலை. நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகம் இவற்றை எவரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. பெரிதாக்கப் பெரிதாக்க, கடைச் சன்னலுக்குள் அடுக்கிய பண்டங்கள் துலங்கிவருகின்றன. பல இரவுகள் இதிலேயே எனக்குக் கழிந்திருக்கின்றன. ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். இரண்டு ஆண்டுகளில் இந்தத் தெரு கலையப்போகிறது என்ற நினைப்பு அந்த முகங்கள் எதிலும் இல்லை.

கலைந்தது. ஆழம் போகப் போக நரம்பு மெலிந்தது, பங்குகள் சரிந்தன. 1874-க்குள் பெருங்கூட்டம் போய்விட்டது. போனவர்கள் சும்மா போகவில்லை. மரமும் தகரமும் மறுபடி பயன்படும் பொருட்கள். சட்டத்தைப் பிரித்து, தகட்டைக் கழற்றி, அடுத்த ஊருக்கு வண்டியேற்றினார்கள். மண் சுவர் மழையில் மண்ணோடு போனது. கிளார்க் வீதியின் புல் மனைகளுக்கு இதுதான் விளக்கம். 1872-இல் எழுந்த ராயல் ஹோட்டல் போலச் சில கட்டடங்கள் மட்டும் நின்றுகொண்டன.

ஹோல்டர்மன் தன் பணத்தைப் புகைப்படத்தில் போட்டார். ஆஸ்திரேலியாவை உலகத்துக்குக் காட்டும் ஒரு சுற்றுக் கண்காட்சி அவருடைய கனவு. அதற்கு மெர்லினையே அமர்த்திக்கொண்டார். மெர்லின் 1873-இலேயே இறந்துபோக, பேலிஸ் வேலையைத் தொடர்ந்தார். வடக்கு சிட்னியில் ஹோல்டர்மன் கட்டிய மாளிகையின் கோபுரத்தை ஒரு கேமராவாகவே மாற்றி, 1875-இல் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளமான கண்ணாடித் தகடுகளில் துறைமுகத்தைப் படம் பிடித்தார்கள். அன்று உலகத்தில் அதைவிடப் பெரிய ஈரத் தகடு இல்லை. அவர்கள் எடுத்த சிட்னியின் நெடும்படம் 1876-இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் பதக்கம் வாங்கியது. தங்கப் பாறையின்மேல் கை வைத்து ஹோல்டர்மன் நிற்கும் புகழ்பெற்ற படம் ஒட்டுவேலை. அவரைத் தனியாகவும் பாறையைத் தனியாகவும் எடுத்து, அவருடைய வீட்டுத் தாழ்வாரத்தின்மேல் சேர்த்திருக்கிறார்கள். கையில் தங்காத பொருளோடு தன்னைச் சேர்த்துப் பார்க்க அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. 1885 ஏப்ரல் 29 அன்று, தன் 47-ஆவது பிறந்த நாளில், அவர் இறந்தார். அதன்பின் தகடுகள் மறக்கப்பட்டன.

ஊரும் மறக்கப்பட்டுத்தான் கிடந்தது, 1947 வரை. அந்த ஆண்டு ரஸ்ஸல் டிரைஸ்டேல், டொனால்ட் ஃப்ரெண்ட் என்ற இரு ஓவியர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். ஃப்ரெண்ட் ஒரு குடிசையில் வாழவே தொடங்கினார். டிரைஸ்டேல் 1948-இல் வரைந்த ‘தி கிரிக்கெட்டர்ஸ்’ ஆஸ்திரேலியாவின் மிகப் பிரபலமான ஓவியங்களில் ஒன்று. ஆளற்ற ஊர், உயர்ந்த வெறும் சுவர்கள், அவற்றுக்கு நடுவே மூன்றே பேர். ஒருவன் பந்து வீசுகிறான், ஒருவன் மட்டை பிடிக்கிறான், ஒருவன் சுவரோரம் நின்று பார்க்கிறான். தெருவில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்களுக்கு அந்த ஓவியத்தின் முன் தொண்டை அடைக்கும்: ஃபீல்டிங்குக்குக்கூட ஆள் இல்லாத ஊர் அது. அதே வீதி நெரிசலாக இருந்த காட்சி கண்ணாடித் தகடுகளில் பத்திரமாக இருந்ததை அப்போது அந்த ஓவியர்கள் அறிந்திருக்க வழியில்லை.

1951-இல் கீஸ்ட் பர்க் என்ற புகைப்பட இதழாசிரியர் தேடிக்கொண்டு போனதில், சிட்னியின் சாட்ஸ்வுட் பகுதியில், ஹோல்டர்மன் குடும்பத்து வீடொன்றின் தோட்டக் கொட்டகையில் பெட்டிகள் கிடைத்தன. உள்ளே அடுக்கடுக்காகக் கண்ணாடி, ஏறக்குறைய 3,500 தகடுகள். கல் சூளை ஓய்ந்தது, மாளிகை கைமாறியது. கை தவறினால் உடையும் பொருள் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் தாக்குப்பிடித்து, ஒரு கொட்டகையில் கிடந்தது. 1952-இல் அவை மாநில நூலகத்தின் பகுதியான மிட்செல் நூலகத்துக்கு வந்தன. 1966-இல் வெளியான ஆஸ்திரேலியாவின் முதல் பத்து டாலர் நோட்டில், எழுத்தாளர் ஹென்றி லாசனின் முகத்துக்குப் பின்னால் தெரிந்த கல்காங் வீதி இந்தத் தகடுகளிலிருந்து வந்தது. அடுத்த ஆண்டு ஹில் எண்ட் வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. இன்று தேசியப் பூங்காத் துறை அதைப் பார்த்துக்கொள்கிறது.

பலகையையும் தெருவையும் மாறி மாறிப் பார்க்கும்போது ஒரு வித்தியாசம் கண்ணில் படும். 1872-ஆம் ஆண்டுப் படங்களில் மரம் அரிது. சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்கவும் கொதிகலனுக்கு எரிக்கவும் குன்றுகளை மொட்டையடித்துவிட்டார்கள். அடிமரங்கள் மட்டும் குத்திக்கொண்டு நிற்கின்றன. இன்று அந்த ஊரில் நடந்தால் தலைக்கு மேல் நிழல். ஹோல்டர்மனின் கூட்டாளி பேயர்ஸ் சாலையின் இரு பக்கமும் மரக்கன்றுகளை நட்டார். அந்தச் சாலைக்கு அவர் பெயர்தான். எந்தக் கண்ணாடித் தகட்டிலும் அந்த மரங்கள் இல்லை.