உண்ணிச்செடி வழக்கு

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வன உயிரினம்' என்பது புலி, யானையோடு நின்றுவிடுவதில்லை. வாழிடத்தின் அங்கமான செடிகொடிகளும் அதில் அடக்கம். ஆகவே, வெள்ளைக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டில் தோட்டத்து அழகுக்காகக் கொண்டுவந்து, பிறகு காடெங்கும் பரவிவிட்ட உண்ணிச்செடியும் வன உயிரினம்தான். சரணாலயத்துக்குள் அதை அழித்தால் பிரிவு 29. தீ மூட்டினால் பிரிவு 30. சத்தியமங்கலம் மலையில் சோளகர் பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெரியவர் மீதும் அவருடைய மருமகன் மீதும் இரண்டு பிரிவிலும் வழக்கு. அந்தக் காடு 2013-இல் புலிகள் காப்பகமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

உண்ணிப் புதர் வெட்டி எரிக்கப்பட்டது, நெல்லிக் கிளைகள் ஒரு கட்டும் கொடுவாள்களும் கைப்பற்றப்பட்டன என்றது மகஜர். வெட்டியதையும் எரித்ததையும் பெரியவர் என்னிடம் மறுக்கவே இல்லை. "இல்லைன்னு சொன்னா மரம் பொழச்சுக்குமா வக்கீலய்யா?" என்றார். செய்ததை ஒப்புக்கொள்ளும் கட்சிக்காரரை வைத்துக்கொண்டு குற்ற வழக்கு நடத்துவது எப்படி என்று சட்டக் கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மரம் என்று அவர் சொன்னது நெல்லியை. நெல்லியில் புல்லுருவி ஏறியிருந்தது. பறவை போடும் விதை கிளையில் ஒட்டி முளைத்து, மரத்தின் சாற்றை உறிஞ்சும். முதலில் கிளை காயும், பிறகு மரம். முன்பெல்லாம் காய் பறிக்கப் போகிறவர்களே புல்லுருவி பிடித்த கிளைகளைக் கழித்துவிட்டு வருவார்களாம். கோடை முற்றுவதற்கு முன்பே சருகுக்குத் தீ வைப்பார்கள். அது தாழ்வாக ஓடி அணைந்துவிடும். உண்ணிக் கன்றைக் கருக்குவதும் புல்லுருவியை அடக்குவதும் அந்தத் தீதான் என்பது சோளகர்களின் கணக்கு. தீ குற்றமானது. உண்ணி ஆள் உயரத்துக்கு எழுந்து மரத்தடியை அடைத்தது. மரத்தை யாரும் நெருங்க முடியாமல் போனதும் புல்லுருவியைக் கேட்பார் இல்லை.

எல்லைக்கு அப்பால், கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் இதையெல்லாம் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1997-க்கும் 2008-க்கும் இடையில் அங்கே உண்ணி தென்பட்ட இடங்கள் ஏறத்தாழ இரண்டு மடங்காயின. அந்தக் கட்டுரைகளை நகலெடுத்து அடுக்கி வைத்திருந்தேன். கடைசியில் அவற்றைவிடக் கைகொடுத்தது வனத்துறையே கைப்பற்றிய நெல்லிக் கட்டு.

வழக்குச் சொத்தை நீதிமன்றத்தில் திறந்து காட்டும்படி மனுப் போட்டேன். கட்டைப் பிரித்தபோது இலையெல்லாம் உதிர்ந்து போயிருந்தது. புல்லுருவித் தண்டு நெல்லிக் கிளைக்குள் ஊன்றிய முடிச்சு மட்டும் கல்லுப்போல் இருந்தது. சாட்சிக் கூண்டில் நின்ற வனவரிடம் அது என்ன என்று கேட்டேன். "புல்லுருவி" என்றார். எல்லாக் கிளையிலும் இருக்கிறதா? "இருக்கலாம்." நடுவர் விடவில்லை, ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லச் சொன்னார். எல்லாவற்றிலும் இருந்தது.

அடுத்தது தீ. பிரிவு 30 எல்லாத் தீயையும் குற்றமாக்கவில்லை. சரணாலயத்துக்கு ஆபத்து நேரும்படி மூட்டுவதைத்தான் தண்டிக்கிறது. உண்ணி மண்டிய காட்டில் எந்தத் தீயும் புதரைப் பிடித்து மர உச்சிக்கு ஏறிவிடும் என்று அரசு வழக்கறிஞர் வாதிட்டார். அது உண்மை. எதிர்த்தரப்பில் வலுவான வாதமும் அதுதான். அதை எல்லாரையும்விட நன்றாக அறிந்தவர் என் கட்சிக்காரர். நின்ற புதரில் அவர் தீ வைக்கவில்லை. வெட்டிக் காயவைத்து, வெறும் பாறை மேல் குவித்து, காற்று ஓய்ந்த பிறகு கொளுத்தினார். சாம்பல் பாறையில் மட்டுமே கிடந்தது, நின்ற மரம் எதுவும் கருகவில்லை என்று குறுக்கு விசாரணையில் வனவர் ஒப்புக்கொண்டார். நேர்மையான மனிதர்.

தீக் குற்றத்திலிருந்து இருவரும் விடுதலை. வெட்டியதற்குச் சிறு அபராதம்.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 5, காட்டையும் பல்லுயிரையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கும் தருகிறது என்று வாதிட்டிருந்தேன். கிராம சபை எங்கே தீர்மானம் போட்டது என்று நடுவர் கேட்டார். தாக்கல் செய்ய ஒன்றும் இல்லை. பக்கத்துப் பிலிகிரி ரங்கன் மலைச் சோளகர்களுக்கு, புலிகள் காப்பகத்துக்குள்ளேயே, 2011-இல் சமூக வன உரிமை கிடைத்திருந்தது. அதைச் சுட்டிக்காட்டியும் பயனில்லை. மேல்முறையீடு போகலாம் என்றேன். மலையிறங்கி வாய்தாவுக்கு வந்து போனால் அன்றைய கூலி போய்விடும். பெரியவர் அபராதத்தைக் கட்டிவிட்டுப் பேருந்து ஏறினார். களையை அழிப்பது வன உயிரினத்தை அழிப்பதாகுமா என்ற கேள்வி, அந்த வழக்கில் மேல் நீதிமன்றம் வரை போகாமலே நின்றது.

அதன் பிறகு காற்று கொஞ்சம் திரும்பியது. இந்தியாவின் புலிகள் வாழும் காடுகளில் 40 விழுக்காட்டுக்கும் மேல் உண்ணி பரவியிருப்பதாக 2020-இல் ஓர் ஆய்வு சொன்னது. 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்றே கொள்கை வெளியிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில், ஆக்கிரமிப்பு அயல் இனங்களுக்கு அந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திலும் வரையறை வந்தது. ஆனால் அந்தத் திருத்தம் இறக்குமதியையும் வணிகத்தையும் பரவலையும் கட்டுப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுப்பதோடு சரி. தன் நெல்லியைக் காக்கக் கொடுவாள் எடுக்கும் சோளகரைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

அதனால் மலையிலிருந்து யார் கேட்டு வந்தாலும், முதலில் கிராம சபைத் தீர்மானம் எழுதச் சொல்கிறேன். எந்த இடம், எந்தச் செடி, எப்படி எடுப்பது எல்லாம் அதில் இருக்க வேண்டும். மேலே வெட்டினால் உண்ணி மறுபடி தழைக்கும். தழைக்கும் இடத்துக்குக் கீழே வேரை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். அதையும் எழுதுங்கள், நகலை வனச்சரக அலுவலகத்தில் கொடுத்துத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள் என்பேன். தீ மட்டும் வேண்டாம் என்றும் சொல்வேன். பெரியவர் அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.