சாணூர்க் கல்வட்டங்களும் நம் மையவாடிகளும்

மதுராந்தகத்தை அடுத்த சாணூரில், குன்றின் அடிவாரத்தே, பெருங்கற்களை வட்டமாக நிறுத்திய அடக்கத்தலங்கள் பரவிக் கிடக்கின்றன. அவை ஈராயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. 1950, 1952ஆம் ஆண்டுகளில் பானர்ஜி, சௌந்தரராஜன் என்னும் தொல்லியல் அறிஞர்கள் அவற்றுள் சிலவற்றை அகழ்ந்தனர். கால்கள் பொருத்திய சுடுமண் பேழைகளும், கருப்பு சிவப்பு மட்கலங்களும், இரும்புக் கருவிகளும் வெளிப்பட்டன. மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள சிறுதாவூரிலும் இத்தகைய ஈமச்சின்னங்கள் உள்ளன.

சில வட்டங்களுள் ஒன்றுக்கு மேற்பட்ட பேழைகள் இருந்தன என்பதே என் சிந்தையைத் தொட்டது. கருங்கடலுக்கு வடக்கே விரிந்த புல்வெளியிலும் 'குர்கான்' எனப்படும் மண்மேடுகள் உண்டு. ஓரினத்தார் எழுப்பிய மேட்டிலேயே, பல நூற்றாண்டுகள் கழிந்து வந்த வேற்றினத்தாரும் தம் இறந்தோரைப் புதைத்தனர்.

நமது மையவாடிகளிலும் பழைய கபுறு இருந்த இடத்தில் புதியது தோண்டப்படுவதுண்டு. ஆயினும், முன்னவர் முற்றிலும் மண்ணாகிவிட்ட பின்னரே அதற்கு அனுமதி என்பது மார்க்கச் சட்டம். தோண்டும்போது எலும்பு தென்பட்டால் அதனைக் கண்ணியத்துடன் மூடிவிடுதல் வேண்டும். இறந்தவரின் எலும்பும் உயிரோடிருப்பவரின் எலும்பைப் போன்றே மதிக்கப்பட வேண்டியது எனக் கற்றவர்கள் நாம்.

இப்பாடத்தை நடத்துகையில் சாணூரைப் பற்றிக் கூறினேன். ஒரு மாணவர் எழுந்து, "ஹஜ்ரத், அவர்கள் நம்மவர்கள் அல்லவே! அந்தக் கபுறுகளுக்கும் இந்தக் கண்ணியம் உண்டா?" என வினவினார். ஒரு யூதரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்ற செய்தியை நினைவூட்டினேன். அவரும் ஓர் ஆன்மாவே என்பதன்றோ அண்ணலார் தந்த விளக்கம்! மாணவர் மௌனமாக அமர்ந்தார்.

இன்று கருங்கல்லுக்காகவும் வீட்டுமனைக்காகவும் இத்தகைய கல்வட்டங்கள் பல ஊர்களில் அழிந்து வருகின்றன. நம் மையவாடியின் எல்லைக்கல் ஒரு முழம் நகர்ந்தால் ஜமாஅத்தே திரள்கிறது, அது நியாயமே. ஆனால், கேட்க வாரிசு எவருமில்லாத கபுறு பெயர்க்கப்படும்போது யார் திரள்வது? அத்தகைய நிலம் நம் கைக்கு வருமாயின், அக்கற்களை அசைக்காது தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பது நம் பொறுப்பு. நாளை நம் கபுறுகளும் பெயரறியாதார் தயவில்தான் இருக்கப்போகின்றன.