தாயமும் தலையெழுத்தும்

கணக்குப் பாடத்தின் பெருமையைப் பேசுவோர், ஏழும் ஐந்தும் எந்நாளும் பன்னிரண்டே என்னும் அதன் உறுதியையே முதலில் எடுத்துரைப்பர். அந்த உறுதி போற்றத்தக்கதுதான். எனினும், மாணவன் பள்ளி வாயிலைக் கடந்து வெளியே வந்ததும் அவனை எதிர்கொள்ளும் வினாக்களுள் பெரும்பாலானவை அத்தகைய உறுதி அற்றவை. மாலையில் மழை வருமா? மருந்து கேட்குமா? விண்ணப்பித்த வேலை கிடைக்குமா? இவற்றுக்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் இரண்டு விடைகளையே நம் இல்லங்களில் பழக்கி வைத்திருக்கிறோம். இரண்டும் பொருந்தாதபோது ‘தலையெழுத்து’ என்னும் மூன்றாவது விடை இருக்கவே இருக்கிறது.

தெரியாத ஒன்றையும் அளந்து பேசக் கற்றுத்தரும் கணக்கு ஒன்று உண்டு. அதற்கு நிகழ்தகவு என்று பெயர். புள்ளியியல் அதன் உடன்பிறப்பு. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றியவன் என்னும் முறையில், இவ்விரண்டையும் நம் பிள்ளைகளுக்கு எங்கிருந்து தொடங்கிக் கற்பிக்கலாம் என்று எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

பயிற்சிக் கல்லூரியில் எனக்குக் கற்பித்தவர் நாணயத்தைச் சுண்டித் தொடங்கினார். நூல்களும் அவ்வாறே தொடங்குகின்றன. நான் தாயக்கட்டையில் தொடங்குகிறேன். நம் பாட்டிமார் விளையாடிய பித்தளைக் கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு முகங்கள். வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டையும் உருட்டினால் ஒன்று முதல் ஆறு வரை விழும். இரண்டும் வெறுமையானால் பன்னிரண்டு. ‘ஆக, எத்தனை முடிவுகள்?’ என்று கேட்டால் வகுப்பே ‘ஏழு’ என்று முழங்கும். ‘அப்படியானால் தாயம் விழும் வாய்ப்பு ஏழில் ஒன்றுதானே?’ என்று கேட்பேன். பெரும்பாலோர் தலையசைப்பர். ஆட்டம் தெரிந்த ஓரிருவர் மட்டும் தயங்குவர். தாயத்துக்காக நெடுநேரம் காத்திருந்து பழகிய கைகள் அவை.

பிறகு கரும்பலகையில் நாலுக்கு நாலு கட்டம் வரைவேன். முதல் கட்டையின் நான்கு முகங்கள் மேலே; இரண்டாம் கட்டையின் நான்கு முகங்கள் பக்கவாட்டில். கட்டங்கள் 16. அவற்றுள் தாயம் அமர்ந்திருப்பவை இரண்டே. மூன்று என்னும் எண்ணுக்கு நான்கு இடங்கள் உள்ளன. ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒவ்வோர் இடமே உண்டு. முடிவுகள் ஏழாயினும் அவை சமமான முடிவுகள் அல்ல. சமமானவை அந்தப் பதினாறு கட்டங்களே. எதை எண்ண வேண்டும் என்று தெளிவதே இக்கலையின் முதற்படி. இதில் சிறுவர் தடுமாறினால் கடிந்துகொள்ள வேண்டா. தலம்பேர் என்னும் பெரும் பிரெஞ்சுக் கணித மேதையே 1754ஆம் ஆண்டில் கலைக்களஞ்சியத்துக்கு எழுதிய கட்டுரையில், இரு முறை நாணயம் சுண்டித் தலை விழும் வாய்ப்பை, நான்கில் மூன்று என்பதற்கு மாறாக மூன்றில் இரண்டு என்று எழுதிவைத்தார்.

கட்டம் வரைந்ததோடு நின்றுவிடலாகாது. பிள்ளைகளை உருட்டச் சொல்ல வேண்டும். 320 முறை உருட்டினால் மூன்று என்னும் எண் ஏறத்தாழ 80 முறையும் பன்னிரண்டு ஏறத்தாழ 20 முறையும் விழும். அதென்ன ‘ஏறத்தாழ’ என்று மாணவர் கேட்கும் கணமே பாடத்தின் உயிர்நிலை. பத்து முறை உருட்டுகையில் கணக்கு கலைந்து கிடக்கும். முந்நூறு முறையில் அது தன் வடிவைக் காட்டத் தொடங்கும். யாக்கோபு பெர்னூலி இதனை முறையாக நிறுவிய நூல், அவர் மறைந்து எட்டு ஆண்டுகள் கழித்து 1713இல் வெளிவந்தது. ஒரு மாணவன் எல்லா எண்களையும் கணக்கிட்டபடியே துல்லியமாகக் கொண்டுவந்து நீட்டினால், அவன் கட்டையை உருட்டவே இல்லை என்று நான் ஐயுறுவேன்!

ஆட்டம் பாதியில் நின்றால் பணயப் பணத்தை எவ்வாறு பங்கிடுவது என்று பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டது 1654இல். அத்துறைக்கு இன்றைய அடித்தளத்தை ரஷ்ய அறிஞர் கோல்மகோரோவ் அமைத்தது 1933இல். அவர் இட்ட அடித்தளம் வியப்பூட்டும் எளிமை உடையது. எந்த நிகழ்தகவும் சுழியத்துக்குக் குறையாது. நிகழக்கூடிய அனைத்தையும் சேர்த்தால் ஒன்று. ஒருங்கே நிகழ முடியாதவற்றின் நிகழ்தகவுகளைக் கூட்டிக்கொள்ளலாம். நம் பதினாறு கட்டங்களில் இம்மூன்றையும் விரலால் தொட்டுக் காட்டிவிடலாம்.

இத்தனையும் விளையாட்டுத்தானே என்பார்க்கு ஒன்று சொல்வேன். நம் மக்களிடையே ‘நம்பர் எடுக்கும்’ பழக்கம் எவ்வளவு வேரூன்றியது என்பதை நாம் அறிவோம். கனவில் பாம்பு வந்தால் ஓர் எண், விபத்துக்குள்ளான காரின் பதிவெண் ஓர் எண். திருவள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அறவுரை நமக்குக் குறையில்லை. குறைந்திருப்பது கணக்கு. நாலிலக்க எண்கள் மொத்தம் 10,000. ஒரு குலுக்கலில் பரிசு பெறுபவை 23. நம் நாட்டில் ஒரு வெள்ளிப் ‘பெரிய’ பந்தயத்துக்கு முதல் மூன்று பரிசுகள் 2,500, 1,000, 500 வெள்ளி. அடுத்த பத்து எண்களுக்குத் தலா 180 வெள்ளி. கடைசிப் பத்துக்குத் தலா 60 வெள்ளி. பத்தாயிரம் எண்களையும் ஒருவரே வாங்கினால் 10,000 வெள்ளி செலவாகும். திரும்ப வருவதோ 6,400 வெள்ளி. அதாவது, போடும் ஒவ்வொரு வெள்ளியிலும் சராசரியாக 36 காசு திரும்புவதே இல்லை. ஆறாம் ஆண்டு மாணவனே இதைப் போட்டுவிடுவான்.

‘இந்த எண் நெடுநாளாக வரவில்லை, இனி வந்தே தீர வேண்டும்’ என்பது அடுத்த மயக்கம். ஒரு மாணவன் தன் சிற்றப்பாவின் சார்பாக என்னோடு வாதிட்டதுண்டு. எண்களுக்கு நினைவாற்றல் இல்லை என்றேன். பெர்னூலியின் விதிப்படி எல்லா எண்களும் சமமாக வந்தாக வேண்டுமே என்று அவன் மடக்கினான். நல்ல கேள்வி! நெடுங்காலத்தில் சமமாவது விகிதம். அதற்காகப் பழைய குறையை அடுத்த குலுக்கல் ஈடுசெய்வதில்லை. வாரம் மூன்றாக ஓராண்டில் 156 குலுக்கல்களில் ஒரே எண்ணை எடுப்பவருக்கு ஒரு பரிசும் கிட்டாமற் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 70 விழுக்காடு. அந்த ஏமாற்றத்துக்குப் பின் அடுத்த ஆண்டு தொடங்கும்போதும் அதே 70 விழுக்காடுதான். அவன் அதைச் சிற்றப்பாவிடம் சொன்னானாம். சிற்றப்பா அந்த எழுபதையும் ஓர் எண்ணாக எடுத்துக்கொண்டாராம்.

சூது என்றதும் தருமனை நினைக்கிறோம். அதே பாரதத்தில் நளன் கதையில் வரும் இருதுபர்ணனை மறந்துவிடுகிறோம். ஓடும் தேரிலிருந்தபடியே தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் அவன் கணக்கிட்டுச் சொல்ல, நளன் தேரை நிறுத்தி எண்ணிப்பார்த்து வியக்கிறான். பகடையின் நுட்பமும் எண்ணும் நுட்பமும் ஒருவனிடமே இருந்தன என்று கதை சொல்வது சிந்திக்கத்தக்கது. முழுதையும் எண்ணாமல் முழுதையும் அறிவது எவ்வாறு என்பதே புள்ளியியலின் வினா.

அதற்கு நம் பழமொழியே விடை வைத்திருக்கிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். நான் வளர்ந்த ரப்பர்த் தோட்டத்தில் பால் நிறுக்கும் இடத்திலும் அதுவே நடைமுறை. மரப்பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ரப்பர். மீதி பெரும்பாலும் நீர். வாளியிலிருந்து எடுக்கும் சிறிதளவு பாலைக் கொண்டே அன்றைய கூலி முடிவாகும். மழை பெய்த நாள்களில் என் தாயார், ‘நல்லாக் கலக்கிட்டு எடுங்க, கிராணி ஐயா’ என்று சொல்லாமல் இருந்ததில்லை. மாதிரி எடுத்தலின் தலையாய விதியை நான் முதலில் கேட்டது அவர் வாயிலிருந்துதான். கலக்காத பானையில் பெரிய அகப்பையும் பயன் தராது. அமெரிக்காவில் 1936ஆம் ஆண்டு அதிபர் தேர்தலின்போது ஒரு வார இதழ் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் விடைகளைத் திரட்டி, ரூஸ்வெல்ட் தோற்பார் என்று கணித்தது. தொலைபேசியும் காரும் உடையோரின் பட்டியல்களிலிருந்தே பெரும்பாலும் பெயர்களை எடுத்திருந்தது. விடை எழுதி அனுப்ப விரும்பியோர் மட்டுமே அனுப்பினர். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களுள் 46இல் வென்றார்.

இனி எனக்கு மிக நெருங்கிய ஒன்றுக்கு வருகிறேன். நம் தமிழ்ப்பள்ளிகளுள் பல சிறியவை. நான் முன்பு பணியாற்றிய பள்ளியொன்றில் ஆறாம் ஆண்டில் எட்டே மாணவர். 1988இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் கைவிடப்படும்வரை, ஆண்டுதோறும் விழுக்காட்டைக் கொண்டே பள்ளிகள் எடைபோடப்பட்டன. எட்டுப் பேரில் ஒரு பிள்ளை காய்ச்சலில் எழுதினாலே பன்னிரண்டரை விழுக்காடு சரியும். ஒவ்வொரு மாணவனும் தேறும் வாய்ப்பு நான்கில் மூன்று எனக் கொள்வோம். ஆசிரியர், பாடம், உழைப்பு எதுவும் மாறவில்லை எனவும் கொள்வோம். அப்போதும் நூறு ஆண்டுகளில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் எட்டுப் பேரும் தேறுவர். பதினோர் ஆண்டுகளில் பாதியோ அதற்கும் குறைவோதான் தேறுவர். முன்னதில் மாலை மரியாதை. பின்னதில் விளக்கக் கடிதம். இருநூறு மாணவர் எழுதும் பள்ளியிலோ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ஆண்டுகளில் முடிவு 69க்கும் 81க்கும் இடையிலேயே நிற்கும். இரண்டையும் ஒரே பட்டியலில் அடுக்கினால் உச்சியிலும் அடியிலும் சின்னஞ்சிறு பள்ளிகள் நிறைந்திருப்பதில் வியப்பில்லை. அந்தப் பட்டியலைப் பார்த்து, ‘பெரிய பள்ளிக்கே மாற்றிவிடுவோம்’ என்று பிள்ளைகளை அழைத்துச் சென்ற பெற்றோர் உண்டு. அதனால் எட்டு ஆறாயிற்று.

ஆகவே ஓர் ஆண்டின் பெற்றோர் கூட்டத்தில் விழுக்காட்டுக் கோட்டை வரைவதை விடுத்து, பத்தாண்டுகளின் எண்பது மாணவரையும் சேர்த்துக் காட்டினேன். எண்பது பேரிடையே ஊசலாட்டம் குறையும். பள்ளியின் உண்மை முகம் ஓரளவு தெரியும். தாயக்கட்டைகளையும் கையோடு எடுத்துச் சென்றிருந்தேன். பெரும்பாலோர் ஏற்றனர். பின்வரிசையில் இருந்த தகப்பனார் ஒருவர் மட்டும் எழுந்து, ‘எல்லாம் சரிங்க ஐயா, எம் பையன் பாஸ் பண்ணுவானா மாட்டானா?’ என்றார். எண்பது பேரைப் பற்றிப் பேசிய கணக்கு அவர் மகனைப் பற்றி அதற்குமேல் ஒன்றும் சொல்லாது. அதை அவரிடம் சொல்லிவிட்டு, மறுநாள் பையனின் கணக்கு ஏட்டை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். பின்னத்தில்தான் அவனுக்குச் சிக்கல் இருந்தது.