திங்கட்கிழமை ராத்திரி

ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் திங்கட்கிழமை ராத்திரி அடுப்பு எரியாது. 1965-ம் வருஷக் கடைசியில் நடந்தது அது. என் வயதுக்காரர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு வேளை சாப்பாட்டை விட்டுக்கொடுங்கள் என்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி கேட்டிருந்தார்.

அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். எனக்கு 12 வயது. அண்ணன் திருச்சியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தான்.

அந்த வருஷம் செப்டம்பர் 1-ம் தேதி காஷ்மீரின் சம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்கிகளோடு புகுந்தது. 6-ம் தேதி நம் ராணுவம் பஞ்சாப் எல்லையைத் தாண்டி லாகூர் பக்கம் போனது. ஐந்தடிக்குச் சற்றுக் கூடுதலான உயரம், மெல்லிய குரல், கதர் வேட்டி. இந்த மனிதரா இப்படி உத்தரவு போட்டார் என்று எங்கள் காலனியே வியந்தது. பக்கத்து வீட்டு ரேடியோவைச் சுற்றி நின்று செய்தி கேட்போம். 23-ம் தேதி சண்டை நின்றது.

சண்டை நின்றாலும் அரிசிக் கஷ்டம் நிற்கவில்லை. மழை பொய்த்த வருஷம் அது. அமெரிக்காவின் பி.எல்.480 கோதுமை வரும் கப்பலை நாடே எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. அதற்காகப் பணிந்து போக அவருக்கு மனமில்லை. ‘ஜெய் ஜவான், ஜெய் கிசான்’ என்று போர்வீரனையும் விவசாயியையும் சேர்த்துச் சொன்னதும் அப்போதுதான்.

முதல் திங்கட்கிழமை ராத்திரி அண்ணன் வழக்கம்போல் தட்டை எடுத்து வைத்தான். "இன்னைக்குக் கிடையாதுப்பா" என்றார் அம்மா. அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவர் சொன்னா நான் ஏன் பட்டினி கிடக்கணும்?"

அவன் கோபத்திலும் நியாயம் இருந்தது. அந்த வருஷம் ஜனவரி, பிப்ரவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம். தடியடியில் அடிபட்டு, அண்ணன் இடது கையில் கட்டோடு மூன்று வாரம் வீட்டில் கிடந்தான். அப்போதும் பிரதமர் இதே சாஸ்திரிதான். மத்திய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் ராஜினாமா கொடுத்த பிறகுதான், ஆங்கிலம் தொடரும் என்று ரேடியோவில் உறுதி கொடுத்தார். அதற்குள் எத்தனையோ உயிர்கள் போய்விட்டன. அந்த விஷயத்தில் அவர் தாமதித்தார் என்பதே இன்றும் என் எண்ணம்.

அப்பா அன்று சத்தம் போடவில்லை. அரியலூரைப் பற்றிச் சொன்னார்.

1956 நவம்பர் 23 விடியற்காலை. மருதையாற்றில் வெள்ளம். பாலம் உடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். பொன்மலையிலிருந்து போனவர்களில் அப்பாவும் ஒருவர். அங்கே பார்த்ததை அதுவரை அவர் வீட்டில் பேசியதே இல்லை. அன்றும் அதிகம் சொல்லவில்லை. "பெட்டிக்குள்ள ஒரு பால் புட்டி, உடையாம கிடந்துச்சுடா" என்றார். அவ்வளவுதான்.

அப்போது ரயில்வே மந்திரி சாஸ்திரி. அதே வருஷம் மகபூப்நகர் ரயில் விபத்தில் 112 பேர் இறந்தபோதே ராஜினாமா கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மறுபடி கொடுத்து விலகிவிட்டார்.

"பாலத்தை அவரா கட்டினார்? வெள்ளத்தை அவரா கொண்டுவந்தார்? ஆனாலும் என் பொறுப்புன்னு சொல்லிட்டுப் போனார். அந்த மனுஷன் ஒரு வேளைச் சோறு கேக்குறார். குடுக்கலாம்டா."

அண்ணன் பதில் பேசவில்லை. தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுக்கப் போனான். அதன்பிறகு எந்தத் திங்கட்கிழமையும் அவன் தட்டு எடுக்கவில்லை.

சாஸ்திரி பதவியில் இருந்தது 19 மாதம்தான். சி.சுப்பிரமணியத்தை உணவு அமைச்சராக்கியவர் அவர். ராஜினாமா கொடுத்த சி.எஸ். மறுபடி அதே பொறுப்பில் தொடர்ந்தார். பசுமைப் புரட்சிக்கு வழி போட்டது அந்தக் காலம்தான். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தொடங்கியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில்தான் வந்தது. இன்று ரேஷன் அரிசி வாங்கும்போது இதெல்லாம் யாருக்கு நினைவு வருகிறது?

1966 ஜனவரி 10 அன்று தாஷ்கண்டில் அயூப்கானோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். வீரர்கள் உயிரைக் கொடுத்துப் பிடித்த ஹாஜி பீர் கணவாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதைப் பலர் மன்னிக்கவில்லை. அன்று நள்ளிரவுக்குப் பிறகு அங்கேயே மாரடைப்பில் இறந்துபோனார். கார் வாங்க பாங்கில் எடுத்த 5,000 ரூபாய்க் கடனைப் பிறகு அவர் மனைவி லலிதா அம்மையார் பென்ஷனிலிருந்து அடைத்தார்.

ஜனவரி 10 திங்கட்கிழமை. நாங்கள் எல்லோரும் சாப்பிடாமல்தான் படுத்திருந்தோம். காலையில் பக்கத்து வீட்டு ரேடியோவில் செய்தி கேட்டு அண்ணன்தான் ஓடி வந்து சொன்னான். அப்பா அன்று ஷிப்டுக்குக் கிளம்பி நின்றவர், அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த திங்கள் வந்தது. கேட்டவர் இல்லை. ராத்திரி சமைக்கவா என்று அம்மா கேட்டார்.

"வேண்டாம்மா" என்றான் அண்ணன்.