பாதிக்குப் பாதி பலிக்கும் மருந்து

சித்த மருத்துவரிடம் மூலம், வெள்ளைப்படுதல் எல்லாவற்றையும் கூச்சமில்லாமல் சொல்லிவிடுகிறார்கள். ஒன்றை மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். கேட்பது பெரும்பாலும் மாமியார். "ரெண்டும் பொட்டப்புள்ளையாப் போச்சு டாக்டரம்மா. அடுத்தது ஆம்பளையாத் தங்குறாப்ல ஏதாச்சும் குடுங்க." ஸ்கேன் எடுக்கிற இடத்தில் கேட்டால் சட்டம் பாயும் என்று அவருக்குத் தெரியும். கரு தங்கும் முன்பே, அதுவும் பச்சிலையில் கேட்டால் குற்றமில்லை என்பது அவர் கணக்கு.

இந்த நம்பிக்கைகள் ஏட்டிலேயே இருப்பதுதான் எனக்குச் சங்கடம். தீட்டு வந்த நாளிலிருந்து எண்ணி இரட்டைப்படை இரவில் கூடினால் ஆண், ஒற்றைப்படையில் கூடினால் பெண் என்கிறது மனுஸ்மிருதி. ஆணின் மூச்சு வலது நாசியில் ஓடினால் ஆண், இடது நாசியில் ஓடினால் பெண் என்கிறது திருமந்திரம். படித்த நூலை நோயாளி முன் பொய் என்பதும் கடினம், மெய் என்பதும் கடினம். அதனால் நாள் கணக்கை அவர்களோடு சேர்ந்தே போட்டுப் பார்க்கிறேன்.

பழைய கணக்கில் கருத்தரிக்க உகந்தவை 16 இரவுகள். அவற்றில் முதல் 4 விலக்கு. 28 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வரும் பெண்ணுக்கு முட்டை வெளியாவது ஏறக்குறைய 14ஆம் நாள். அந்த நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும்தான் கருத்தரிக்கும் காலம். ஆகவே கரு தங்குவதற்குப் பழைய கணக்கு உதவும். ஆணா பெண்ணா என்பதற்கு உதவாது. விந்தணு உள்ளே ஐந்து நாள் வரைகூட உயிரோடிருக்கும். 11ஆம் இரவும் 12ஆம் இரவும் கூடியவர்களில் எந்த இரவு கருவானது என்று யார் சொல்வது?

மேல்நாட்டிலும் இதே ஆசைதான். முட்டை வெளியாகும் நாளையொட்டிக் கூடினால் ஆண், சில நாள் முன்னதாகக் கூடினால் பெண் என்று அமெரிக்க மருத்துவர் லாண்ட்ரம் ஷெட்டில்ஸ் சொன்னார். அதைப் பற்றிய புத்தகம் அமோகமாக விற்றது. கருத்தரிக்க விரும்பிய 221 பெண்களை நாள்தோறும் கவனித்து வில்காக்ஸ் குழுவினர் 1995இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கும் குழந்தையின் பாலுக்கும் தொடர்பே தென்படவில்லை.

பிறகு ஏன் இந்த நம்பிக்கை சாகவில்லை? எதைக் கொடுத்தாலும் பாதிப் பேருக்கு ஆண்தான் பிறக்கும். அந்தப் பாதி ஊரெல்லாம் வைத்தியர் பெயரைச் சொல்லும். மீதிப் பாதி வாய் திறக்காது. திறந்தாலும் பதில் தயார்: "பத்தியத்த மீறியிருப்பா." தோற்காத மருந்து இது, தோற்பதெல்லாம் மருமகள்தான்.

நாள் எண்ணுவதும் மூச்சு எந்த நாசியில் ஓடுகிறது என்று பார்ப்பதும் உடம்பைக் கெடுக்காது. பொட்டலத்தில் வருவது அப்படியல்ல. ஹரியானாவில் ஆண் குழந்தைக்கென்று கர்ப்பத்தின் தொடக்கத்தில் விழுங்கும் நாட்டு மருந்துகளை ஆராய்ந்தவர்கள், பிறவிக் குறைபாடுகளோடு அவற்றுக்குத் தொடர்பு இருப்பதைக் கண்டார்கள். சட்டமும் ஸ்கேனோடு நிற்கவில்லை. கருவின் பாலைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம், 2003இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பின், கருத்தரிக்கும் முன்பே பால் தேர்வு செய்வதையும் தடுக்கிறது. எந்த முறையானாலும் அதற்கு விளம்பரம் செய்தால் மூன்று ஆண்டு வரை சிறை.

சட்டத்தைச் சொல்லி விரட்டினால் அடுத்த ஊர் வைத்தியரிடம் போய்விடுவார்கள் என்பது இந்தத் தொழிலில் தெரிந்துகொண்டது. எனவே உட்காரவைத்து நாடி பார்க்கிறேன். கண்ணிமையை இழுத்துப் பார்த்தால் பாதிப் பேருக்கு வெளுத்திருக்கும். இரத்தம் ஊற அன்னபேதிச் செந்தூரம் கொடுக்கிறேன். ஃபோலிக் அமில மாத்திரைக்குப் பக்கத்து அறை நர்ஸிடம் அனுப்புகிறேன். இரண்டு குழந்தைக்கும் இடைவெளி எவ்வளவு என்று கேட்கிறேன்.

இதிலும் வம்பு உண்டு. அப்படிச் செந்தூரம் சாப்பிட்ட ஒருத்திக்கு ஆண் பிறந்தது. அடுத்த மாதமே, "அவளுக்குக் குடுத்த அதே செகப்புப் பொடி" என்று கேட்டுப் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பேர் வந்துவிட்டார்கள்! அன்றிலிருந்து கணவனையும் கூட அழைத்துவரச் சொல்கிறேன். எக்ஸ், ஒய் குரோமோசோம் இரண்டில் எதைக் கொடுப்பது என்பது ஆணின் அணுவில் இருக்கிறது, அதுவும் அவன் கையில் இல்லை என்று மூவர் முன்னும் சொல்கிறேன். பொடியை மடித்துக் கொடுக்கும்போது, "இது மருமக ஒடம்புக்கு. பிறக்கிறது பொண்ணா இருந்தாலும் இதே பொடிதான்" என்று மாமியார் காதில் விழும்படி சொல்லியே அனுப்புகிறேன்.